தலைப்பிரசவத்தில் தந்தையின் வேலை – கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நான் ஓசூரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். என் மனைவிக்கு இது ஏழாம் மாதம். ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்காகத் தென்காசி மாவட்டத்தில் உள்ள அவருடைய தாய்வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவார்கள். அதன் பிறகு குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்வரை நான் விருந்தாளியாகத்தான் போய்வர வேண்டியிருக்கும்.

எந்திரத்தில் பழுது எங்கே வரும் என்று முன்கூட்டியே பார்ப்பது என் தொழில். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் விடமாட்டேன் என்கிறது. இரவில் தூக்கம் வராமல் கர்ப்பகால ரத்த அழுத்தம், குறைப்பிரசவம், உறக்கத்திலேயே இறந்துபோகும் குழந்தைகள் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். குழந்தையின் காலில் மாட்டி மூச்சையும் நாடித்துடிப்பையும் கண்காணிக்கும் கருவி ஒன்றுக்கு விலைகூட விசாரித்துவிட்டேன். என் அம்மா, ‘நாங்களெல்லாம் பெற்று வளர்க்கவில்லையா? ஆம்பளைக்கு இதில் என்ன வேலை?’ என்று சிரிக்கிறார். மனைவி பயந்துவிடுவாரோ என்று அவரிடம் இவற்றையெல்லாம் சொல்லாமல் இருக்கிறேன்.

என் அச்சம் மிகையானதா? அந்தக் கருவியை வாங்கலாமா? எங்கள் நிறுவனத்தில் பத்து நாள் விடுப்பு தருவார்கள். அதை எப்போது எடுப்பது? ஒரு தந்தை செய்யக்கூடியது என்று இதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

கே. எஸ்.,
ஓசூர்

அன்புள்ள கே. எஸ்.,

உங்கள் அம்மா கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது எல்லா வீடுகளிலும் கேட்கப்படுவது. அவருடைய அம்மாவின் தலைமுறைப் பெண்களிடம் எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தால், ‘பெற்றது எட்டு, தங்கியது ஐந்து’ என்கிற மாதிரியில்தான் பதில் வரும். நடுவில் விட்டுப்போன அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றி அவர்களும் மேற்கொண்டு சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் அந்த எண் 13. பெற்று வளர்த்தோம் என்று சொல்ல இன்று இருப்பவர்கள் பிழைத்தவர்களும் பிழைக்க வைத்தவர்களும்தான். பிழைக்காதவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை. ஆகவே பிரசவத்தைப் பற்றியும் பச்சிளங்குழந்தையைப் பற்றியும் அஞ்சுவது நவீன மனிதனின் பலவீனம் என்று யாராவது சொன்னால் அதை நீங்கள் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் அச்சத்தின் அளவில் எனக்குக் குறை தெரியவில்லை, அது போகும் திசையில்தான் தெரிகிறது. நீங்கள் நோய்களின் பெயர்களைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்களோ நோய்ப் பெயர்களோடு நிற்காமல் நேரத்தைக் கணக்கிட்டார்கள். சரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இருவர் 1994இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் இத்துறையில் அடிப்படையாகக் கருதப்படுகிறது. தாய் இறக்கும் இடத்தில் பெரும்பாலும் மூன்று தாமதங்களில் ஒன்று இருக்கும் என்றார்கள் அவர்கள்: மருத்துவமனைக்குப் போயாக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பிரசவத்துக்குப் பின் வரும் பெரும் ரத்தப்போக்கு, கவனிக்காமல் விட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்கூட உயிரை எடுத்துவிடும் என்பதை நினைத்தால், அவர்கள் ஏன் கடிகாரத்தைப் பார்த்தார்கள் என்பது விளங்கும்.

இந்த மூன்றில் பின்னிரண்டும் தமிழ்நாட்டில் பெருமளவு குறைந்திருக்கின்றன. 2008இல் 108 ஊர்தி வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர்கள் இருக்கிறார்கள். அறுவை சிகிச்சையும் ரத்தமும் தேவைப்படுகிறவர்களுக்குச் ‘சீமாங்க்’ என்று எல்லோரும் அழைக்கும் அவசர மகப்பேறு மையங்கள் பெரிய மருத்துவமனைகளில் இயங்குகின்றன. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அப்படியும் 2018–20ஆம் ஆண்டுகளின் கணக்கில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள். மருத்துவமனைகள் திருந்த வேண்டியவை நிறைய உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் முதல் தாமதம் எந்த மருத்துவமனையிலும் நடப்பதில்லை. அது வீட்டுக் கூடத்தில், நான்கு பேர் கூடிப் பேசும்போது நடக்கிறது.

எப்படி நடக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரவு பத்து மணிக்கு வலி எடுக்கிறது. அது சூட்டு வலியா பிரசவ வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார்கள். கஷாயத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. அதைக் குடித்துவிட்டு ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்று உட்கார்வதில்தான் கெடுதல். அப்பா வரட்டும், மாமாவைக் கேட்போம், மாப்பிள்ளை வீட்டில் சொல்லாமல் போனால் தவறாக நினைப்பார்கள் என்று ஒவ்வொரு காரணமாகச் சேரும். நம் வழக்கத்தில் மனைவி தாய்வீட்டுக்குப் போவதால், முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே அந்த வாரங்களில் தெளிவில்லாமல் போய்விடுகிறது. மாமனார் மருமகன் சொல்லட்டும் என்று காத்திருப்பார், மருமகன் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஓசூரில் இருப்பார். உங்கள் வேலை இங்கேதான் இருக்கிறது. வளைகாப்புக்கு முன்பே ஒருமுறை ஊருக்குப் போய் மாமனார், மாமியார் இருவரையும் உட்காரவைத்து ஒரே ஒரு விஷயத்தைப் பேசி முடியுங்கள்: உங்கள் மனைவி ‘போகலாம்’ என்று சொன்னால் அந்த நிமிடமே கிளம்பிவிட வேண்டும், உங்களைக்கூடக் கேட்க வேண்டியதில்லை, போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் யாரும் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. மருமகன் வாயிலிருந்து வந்தால் இந்தப் பேச்சுக்கு நம் வீடுகளில் ஒரு கனம் உண்டு. அந்தக் கனம் நியாயமானதா என்பது வேறு விவாதம்; இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இதனால்தான், மனைவியிடம் எதையும் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்று நீங்கள் எழுதியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உடம்பு அவருடையது; முதல் அறிகுறி தெரியப்போவது அவருக்கு. பொறுக்க முடியாத தலைவலி, கண் மங்குதல், முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம், மேல்வயிற்றில் வலி, வலிப்பு, எந்த அளவிலான ரத்தப்போக்கும், வலி இல்லாவிட்டாலும் பனிக்குடம் உடைதல், காய்ச்சல், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது என்பதை அவர் உங்களைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும். இதைக் கேட்டு அவர் பயந்துவிடுவார் என்று நீங்கள் நினைப்பது, மன்னியுங்கள், உங்கள் அம்மா உங்களைப் பற்றி நினைப்பதைப் போன்றதுதான்.

ரத்த அழுத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது 140/90 என்ற அளவைத் தொட்ட பிறகும் பெண்ணுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம், அளந்து பார்த்தால்தான் தெரியும். கடைசி மாதத்தில் வாரம் ஒருமுறை அளப்பதற்குக் கிராம சுகாதாரச் செவிலியர் போதும். ‘பிக்மி’ என்ற கர்ப்பிணிப் பதிவு எண்ணும் தாய் சேய் நல அட்டையும் எல்லாப் பரிசோதனைத் தாள்களும் மனைவியோடு ஊருக்குப் போக வேண்டும், சீர்வரிசைப் பெட்டியின் அடியில் அல்ல, கைப்பையில். ஊருக்குப் போன வாரமே அந்த ஊர்ச் செவிலியரிடம் அட்டையைக் காட்டிவிடுவது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்கு முன் 180 நாளும் பின் 180 நாளும் கொடுக்கச் சொல்கிறது நம் அரசின் திட்டம். மலம் கறுப்பாகிறது, குமட்டுகிறது என்று பாதிப் பேர் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். ரத்தசோகை உள்ள பெண்ணுக்குச் சாதாரண ரத்தப்போக்கே பேராபத்தாக மாறும். மாத்திரையை உணவுக்குப் பின் எடுக்கலாம், தேநீரோடு எடுக்கக் கூடாது. சர்க்கரைப் பரிசோதனையும் அப்படித்தான், தட்டிக்கழிக்கக் கூடாதது. வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்று ஏழைப் பெண்களை அலைக்கழிக்காமல், எந்த நேரத்தில் வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை ரத்தம் எடுத்து, 140 என்ற எல்லையை வைத்துப் பார்க்கும் முறையை நாட்டுக்குக் கொடுத்தவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷையா. நம் ஊர்ப் பெருமைகளில் இது ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை.

அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் நாள் பார்க்கச் சொல்வார்கள். நட்சத்திரத்துக்காகப் பிரசவத்தை முன்னால் இழுக்கும் பழக்கம் படித்த குடும்பங்களில்தான் அதிகம் என்பது என் அனுபவம். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுக்கப்படும் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதேபோல் மருத்துவர் உடனே செய்ய வேண்டும் என்று சொல்லும்போது ராகுகாலம் முடியட்டும் என்று கேட்கவும் கூடாது. இந்த இரண்டிலும் பெரியவர்களிடம் மறுத்துப் பேசும் பாரத்தை மனைவி மேல் போடாமல் நீங்களே சுமந்துகொள்ளுங்கள்.

குழந்தை பிறந்த பிறகு அன்பின் பெயரால் நடக்கும் சில காரியங்களுக்கும் இதே பதில்தான். சேனை தொட்டு வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைக்க வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் பெருகித் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடலாம். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், பிறகு ஆறு மாதம் வரை தாய்ப்பால், தண்ணீரும் வேண்டாம். குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் நிற்க வேண்டும். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். சாம்பிராணிப் புகையைக் குழந்தையின் முகத்துக்கு நேரே காட்ட வேண்டியதில்லை. தொப்புள்கொடியில் எதையும் தடவாமல் உலர விட்டால் தானே விழுந்துவிடும். நலங்கு மாவு, பொட்டு, வசம்பு வளையல் என்று மற்றவற்றில் விட்டுக்கொடுங்கள், ஆனால் குழந்தை அந்த வளையலை வாயில் வைக்கத் தொடங்கும் நாளில் கழற்றிவிடச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கிற மருமகனின் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

பழக்கங்கள் தவறு, படித்தவர்கள் சரி என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களைத் தூங்கவிடாத தூக்க மரணத்தின் வரலாறு நேர்மாறானது. அமெரிக்காவின் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1950களின் பிற்பகுதியிலிருந்து, மல்லாந்து படுத்த குழந்தை வாந்தி எடுத்தால் புரையேறிவிடும் என்று கருதிக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார். பல நாடுகளில் மருத்துவர்களும் தாய்மார்களும் அதைப் பின்பற்றினார்கள். குப்புறப் படுக்கும் குழந்தைகளே அதிகம் இறக்கிறார்கள் என்ற சான்றுகள் சேர்ந்த பிறகும் அறிவுரை மாறப் பல ஆண்டுகள் ஆயின. பிரிட்டனில் ஆன் டயமண்ட் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் 1991இல் தம் குழந்தையை அப்படி இழந்தார். மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்ற பிரசாரத்தில் அவர் முன்னால் நின்றார். அந்த ஆண்டின் இறுதியில் அரசு அதைக் கையிலெடுத்தது. சில ஆண்டுகளிலேயே இத்தகைய மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய பிரசாரமும் அதே விளைவைத் தந்தது. நம் பாட்டிமார் எந்தப் புத்தகமும் படிக்காமல், பாயில் துணி விரித்துக் குழந்தையை மல்லாக்கத்தான் கிடத்திவந்தார்கள். இந்த ஒன்றில் அவர்கள் சரி, நிபுணர்கள் தவறு.

அந்தச் சாவுகளைக் குறைத்தது எந்தக் கருவியும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காலில் மாட்டும் கண்காணிப்புக் கருவிகள் ஆரோக்கியமான குழந்தைகளின் தூக்க மரணத்தைத் தடுப்பதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் அவற்றை நம்பி இருக்க வேண்டாம் என்றே சொல்கிறது. பொய்யாக அலறி உங்கள் இருவரின் தூக்கத்தையும் கெடுப்பது மட்டும் உறுதி. வாங்க வேண்டாம். ஒரு நல்ல வெப்பமானி வாங்குங்கள். குழந்தை மல்லாந்து, சற்றுக் கெட்டியான, சமமான படுக்கையில், முகத்தின் அருகே தலையணையோ போர்வையோ பொம்மையோ இல்லாமல், தாய் உறங்கும் அறையிலேயே உறங்கட்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பது அமுங்கும் மெத்தையைவிட மேல். தூளியைப் பற்றிக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். பகலில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து ஆட்டும்போது தொட்டில் கட்டை போட்டுத் துணியை விரித்து வைத்திருந்தால் பெரிய அச்சம் இல்லை. கழுத்து நிற்காத குழந்தையின் மோவாய் மார்பில் மடங்கி மூச்சு அடைபடலாம் என்பதால் இரவு முழுவதும் அதில் விடுவது சரியல்ல. வீட்டில் வேறு சிறுவர்கள் இருந்தால், குழந்தை இல்லாத வேளையில் தூளியைச் சுருட்டி மேலே கட்டிவிட வேண்டும். அதில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த பிள்ளைகளின் செய்தி நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. மது அருந்தியவரும் புகைபிடிப்பவரும் குழந்தையின் பக்கத்தில் படுக்கக் கூடாது. உங்களுக்கு அந்தப் பழக்கங்கள் உண்டா என்று எனக்குத் தெரியாது, பார்க்க வருகிற உறவினர்களில் யாருக்காவது நிச்சயம் இருக்கும்.

பச்சிளங்குழந்தை நோயைச் சத்தம் போட்டுச் சொல்லாது. பால் குடிப்பதை நிறுத்துவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, ஒரு நிமிடத்துக்கு அறுபதோ அதற்கு மேலோ மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கையில் மார்பு உள்வாங்குவது, உடல் 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது, வலிப்பு ஆகியவை உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவை. மூச்சை முழு ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். தரக்கட்டுப்பாட்டுக்காரரான உங்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, மாமியாருக்கு நீங்கள் சொல்லித் தரலாம். மஞ்சள் காமாலையைக் காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்பார்கள். அதில் ஓர் உண்மை உண்டு. 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். வெயில் பட்ட தோலில் மஞ்சள் வெளுத்தும் துணி மூடியிருந்த இடத்தில் மஞ்சள் அப்படியேயும் இருந்ததை அவர் காட்ட, அதிலிருந்து பிறந்ததுதான் இன்று மருத்துவமனைகளில் தரப்படும் நீல ஒளிச் சிகிச்சை. ஆனால் எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம் என்று வெயிலில் அளக்க முடியாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, எந்த நாளிலும் உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலோ வெயிலை நம்பி இருக்கக் கூடாது.

தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தையை மடியில் வைத்து இருசக்கர வண்டியில் போக வேண்டாம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு இணைப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும் என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதியே இருக்கிறது. அதற்கும் இளைய குழந்தைக்கு அந்த வண்டியில் இடமே இல்லை என்றுதான் நான் பொருள்கொள்வேன். காரில் போனாலும் முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இனி விடுப்பு. மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்குப் பதினைந்து நாள் உண்டு. தனியார் துறையில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு சட்ட உரிமை இல்லாத நிலையில் உங்கள் நிறுவனம் தரும் பத்து நாள் மோசமில்லை. பிரசவத்தன்று ஓடிப்போய் வராந்தாவில் நிற்பதற்கே அத்தனையையும் செலவழித்துவிடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் பெண் துணை ஒருவரைத்தான் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். மனைவி விரும்பும் துணை யார் என்று அவரையே கேட்டு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் சொல்வது, பிறந்த நாளிலிருந்து ஆறு நாள் அங்கே இருங்கள். எல்லோருடைய கண்ணும் குழந்தையின் மேல் இருக்கும் அந்த நாட்களில்தான் தாய்க்கு ஆபத்து அதிகம். ஒரு மணி நேரத்துக்குள் துணி நனைந்துவிடும் ரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மறுபடியும் அந்தத் தலைவலி என்று எது வந்தாலும் ‘பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பின்னும் ஏறலாம். இரண்டு வாரம் கடந்தும் அவர் காரணமின்றி அழுதுகொண்டோ எதிலும் ஒட்டாமலோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மீதி நான்கு நாளை ஆறாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் அழுகை உச்சத்துக்குப் போவது ஏறக்குறைய அப்போதுதான், முதல் பெரிய தடுப்பூசியும் அந்த வாரத்தில்தான் வருகிறது. ஒத்தாசைக்கு வந்த உறவினர்கள் அதற்குள் அவரவர் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள், உங்கள் மனைவியும் மாமியாரும் ஒன்றரை மாதம் தூங்காதவர்களாக இருப்பார்கள். பால் குடித்து, காய்ச்சல் இல்லாமல், உடுப்பு உலர்ந்திருந்தும் அழும் குழந்தையை எப்படிச் சமாதானப்படுத்தினாலும் நிற்காத ஒரு வேளை வரும். அப்போது கோபம் ஏறினால் குழந்தையைக் குலுக்கவே கூடாது, அதன் மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும். பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நின்றுவிட்டு வரலாம். அந்த நான்கு இரவுகளிலும் பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். உங்கள் அம்மாவிடமும் அந்த வாரம் ஊருக்கு வரச் சொல்லலாம்.

அன்புடன்